ஒருமுறை நட்டால் எட்டு அறுவடை: பல்லாண்டு நெல் நம் வயலுக்கு வருமா?

கறிவேப்பிலையை யாரும் வருஷாவருஷம் நடுவதில்லை. தென்னை, கொய்யா, எலுமிச்சை எல்லாமே ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் பலன் தருபவை. ஆனால் நம் தட்டில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும் சோறு, சப்பாத்தி, பருப்பு ஆகியவற்றைத் தரும் செடிகளுக்கு மட்டும் சில மாதங்கள்தான் ஆயுள். அறுத்த கையோடு அந்தச் செடியின் கதை முடிந்தது. அடுத்த போகத்துக்கு மறுபடி உழவு, மறுபடி நாற்றங்கால், மறுபடி நடவு, பல வீடுகளில் மறுபடி கடன்.

இது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? இல்லை என்று சொல்லும் ஓர் ஆய்வு, 2022 நவம்பரில் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ இதழில் வெளியானது. சீனாவின் யுனான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஒரே ஒருமுறை நட்ட நெல்லில் இருந்து நான்கு ஆண்டுகளில் தொடர்ந்து எட்டு அறுவடை எடுத்துக் காட்டினார்கள். விளைச்சலும் மோசமில்லை. அறுவடைக்குச் சராசரியாக ஹெக்டேருக்கு 6.8 டன். பக்கத்திலேயே ஒவ்வொரு போகமும் புதிதாக நட்ட சாதாரண நெல் கொடுத்தது 6.7 டன். நம்ம ஊர்க் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 2.75 டன், அதாவது 60 கிலோ மூட்டையில் 45 மூட்டை. நல்ல பாசனம் உள்ள வயலில் எடுத்த கணக்கு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு பின்னால் வரும்.

இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ‘இனி நடவே வேண்டாம்’ என்று சுற்ற வாய்ப்பு அதிகம். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் ஒதுக்கித் தள்ளக்கூடிய விஷயமும் இல்லை.

நெல்லுக்கு ஏன் அற்பாயுசு?

ஒருபருவப் புல், பல்லாண்டுப் புல் என்று இயற்கையில் இரண்டு வகை உண்டு. ஒருபருவப் புல் தன் சக்தி முழுவதையும் விதையில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். பல்லாண்டுப் புல் அப்படி இல்லை. சம்பாத்தியத்தில் பாதியை பேங்கில் போடுகிற ஆள் மாதிரி, வேரிலும் தரைக்குக் கீழே ஓடும் தண்டிலும் சேமித்து வைக்கும். அறுகம்புல்லையும் கோரையையும் எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி தலை நீட்டுவது அதனால்தான்.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் விவசாயத்தைத் தொடங்கியவர்கள், நிறைய விதை தந்த ஒருபருவப் புற்களைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷம்தோறும் விதைக்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ, உதிராத கதிரும் பெரிய மணியும் உள்ள செடிகளின் விதையே அடுத்த வருஷத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு விதைப்பும் ஒரு தேர்வு. ஒருமுறை வைத்தால் நின்றுவிடும் பல்லாண்டுப் புல்லுக்கு இந்தத் தேர்வு நடக்கவே இல்லை. அதன் மணி சின்னதாகவே நின்றுவிட்டது. இன்று உலகின் விளைநிலத்தில் சுமார் 70 சதவீதம் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து போன்ற ஒருபருவப் பயிர்களிடம்தான் இருக்கிறது.

இதற்கு மண் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. உழுது போட்ட நிலம் சில வாரங்களுக்கு வெறும் மேனியாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் பெய்யும் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. இளம் நாற்றின் வேர் பிடிக்கும் முன்பே போட்ட உரத்தில் ஒரு பகுதி கரைந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. வேர் எப்போதும் உயிரோடு இருந்தால் இந்த இரண்டும் குறையும். பல்லாண்டுத் தானிய ஆராய்ச்சியின் அடிப்படை இவ்வளவுதான்.

யோசனை வந்தது கான்சாஸில் இருந்து

நெல்லைப் பற்றி மேலே பேசும் முன், அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே 1930-களில் புல்வெளிகளை உழுது கோதுமை போட்ட மத்திய சமவெளியில் வறட்சி வந்தபோது, மண் அப்படியே எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புழுதிப்புயல் பகலை இருட்டாக்கியது. அந்த நாளை ‘கறுப்பு ஞாயிறு’ என்றே அழைக்கிறார்கள். அதே சமவெளியில் உள்ள கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த வெஸ் ஜாக்சன் என்ற மரபியல் அறிஞர், 1976-ல் சலைனா என்ற ஊரில் ‘தி லேண்ட் இன்ஸ்டிடியூட்’ என்ற ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். புல்வெளி உழவில்லாமலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணைக் காத்தது. தானிய வயலும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

அந்த அமைப்பின் பிரபலமான பயிர் ‘கெர்ன்சா’. கோதுமைக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பல்லாண்டுப் புல். 1983-ல் பென்சில்வேனியாவின் ரோடேல் இன்ஸ்டிடியூட் சுமார் நூறு புல் வகைகளைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தது. லேண்ட் இன்ஸ்டிடியூட் 2003-ல் இருந்து இதை மேம்படுத்தி வருகிறது. வேர் 10 அடி ஆழம் வரை போகும். மிச்சிகனில் நடந்த ஓர் ஆய்வில், கெர்ன்சா வயலில் இரண்டாம் ஆண்டில் மண்ணில் இருந்து கசிந்த நைட்ரேட், ஒருபருவக் கோதுமை வயலைவிட 86 சதவீதம் குறைவாக இருந்தது. உரம் கலந்த குடிநீரால் தவிக்கும் ஊர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் தட்டில்? கெர்ன்சாவின் மணி கோதுமை மணியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். விளைச்சல் பல இடங்களில் கோதுமையின் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே திணறுகிறது. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அதுவும் சரிகிறது. பீர், காலை உணவுத் தானியம் என்று சில நிறுவனங்கள் வாங்கி விற்பது உண்மை. ஆனால் அது பணம் உள்ளவர்கள் நல்ல மனதோடு வாங்கும் பொருள். ஊருக்குச் சோறு போடும் பொருள் இல்லை.

விமர்சகர்கள் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். கென்னத் காஸ்மன், டேவிட் கானர் என்ற இரு வேளாண் விஞ்ஞானிகள் 2022-ல் எழுதிய கட்டுரையில், நாற்பது ஆண்டுகளாகியும் சமவெளிகளில் பரவலாகப் போடத் தகுந்த பல்லாண்டுத் தானியம் கிடைக்கவில்லை என்று கறாராகவே சொன்னார்கள். வாதம் எளிமையானது. செடியிடம் இருக்கும் மாவுச்சத்து ஒன்றுதான். வேருக்குக் கொடுத்தால் கதிருக்குக் குறையும். விளைச்சல் மூன்றில் ஒன்றானால் அதே அளவு உணவுக்கு மூன்று மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்குக் காட்டை அழிப்பதா? கெர்ன்சாவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு இன்னும் திருப்தியான பதில் வரவில்லை என்பதே எங்கள் எண்ணமும்.

அப்போ நெல் மட்டும் எப்படித் தப்பித்தது?

வழி வேறு. கெர்ன்சா என்பது காட்டுப்புல்லை முதலில் இருந்து பழக்குவது. யுனான்காரர்கள் செய்தது கலப்பு. ஏற்கெனவே நன்றாக விளையும் ஆர்டி23 என்ற தாய்லாந்து நெல்லை எடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் வளரும் ‘ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டா’ என்ற காட்டு நெல்லோடு சேர்த்தார்கள். இந்தக் காட்டு நெல்லுக்கு இஞ்சி, மஞ்சள் போலத் தரைக்குக் கீழே ஓடும் தண்டு உண்டு. சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒட்டாத ஜாதி. கலப்பில் உருவாகும் விதை முதிரும் முன்பே கருகிவிடும். 1996-ல் அப்படி உருவான கருவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சத்துக் கலவையில் வைத்து வளர்த்துக் காப்பாற்றினார்கள். பல்லாண்டு நெல்லின் வம்சமே அந்த வேலையில் இருந்துதான் தொடங்குகிறது.

பிறகு ஆரம்பித்தது பொறுமைச் சோதனை. கலப்புச் செடி மறுபடி துளிர்த்தால் மணி வராது; மணி வந்தால் துளிர்க்காது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. 2003-ல் ஃபெங்யி ஹு குழு, தரைகீழ்த் தண்டு உருவாக இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்தது. ‘பிஆர்23’ என்ற ரகம் விவசாயிகள் கைக்குப் போனது 2018-ல். முதல் கருவில் இருந்து வயல் வரை 22 ஆண்டுகள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு கிளைக்கதை இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், நம்ம ஐஆர்8 வந்த அதே இடம், 1990-களில் மலைச்சரிவுகளுக்கான பல்லாண்டு நெல் திட்டத்தை நடத்தியது. 2001-ல் அதைக் கைவிட்டது. யுனான் வேளாண் அறிவியல் கழகத்தில் வேலை தொடர்ந்தது. பின்னர் யுனான் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கான்சாஸ் அமைப்பும் கைகொடுத்தது. 2001-ல் எல்லோரும் கடையை மூடியிருந்தால் இன்று பேச இந்த விஷயமே இல்லை.

இப்போது பலன். 2021-ல் தென் சீனாவில் 44,752 சிறு விவசாயிகள் சுமார் 15,300 ஹெக்டேரில் பல்லாண்டு நெல் போட்டிருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவு. பெரிய பண்ணைக்காரர்கள் இல்லை என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது. முதல் போகத்தில் வழக்கமான செலவுதான். மறுதுளிர்ப்பு வரும் ஒவ்வொரு போகத்திலும் ஆள் தேவை 58 சதவீதமும், இடுபொருள் செலவு 49 சதவீதமும் குறைந்தன. நான்கு ஆண்டுகளில் மண்ணின் கரிமம் ஹெக்டேருக்கு வருஷம் 0.95 டன் வீதம் ஏறியது. மண் பிடித்துவைக்கும் நீரும் கூடியது.

குறைகளையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் விழுகிறது, அப்போது புதிதாக நட வேண்டும். உழவு இல்லாததால் களை கூடுதல். களைக்கொல்லி ஒன்றிரண்டு முறை அதிகமாகத் தெளிக்க வேண்டியிருந்தது. கடும் குளிர் உள்ள உயரமான இடங்களில் செடி பிழைக்காது. மண்ணைக் காப்பாற்ற வந்த பயிர் களைமருந்தை அதிகம் கேட்பது நெருடலான விஷயம்தான். ‘இயற்கை விவசாயத்தின் வெற்றி’ என்று இதைக் கொண்டாட நினைப்பவர்கள் இந்த வரியை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

நமக்கு இது புதுசா?

பாதிதான் புதுசு. கரும்பு போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘மறுதாம்பு’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வெட்டிய கட்டையில் இருந்தே அடுத்த கரும்பு. கரணை செலவு மிச்சம். அந்தக் குணத்துக்குப் பின்னால் இருப்பதும் யுனானில் நடந்தது போன்ற ஒரு கலப்புதான். 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இன விருத்தி நிலையத்தில் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் பயிர்க் கரும்பை, நாணல் போல் ஆற்றோரம் வளரும் காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். 1918-ல் வந்த கோ 205 அதன் முதல் பெரிய வெற்றி. தாக்குப்பிடிக்கும் சக்தியும் வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணமும் அந்தக் காட்டு உறவிடம் இருந்து கிடைத்தவை.

பிஆர்23-க்கு ரத்தம் கொடுத்த ஆப்பிரிக்கக் காட்டு நெல்லும் நமக்கு அந்நியம் இல்லை. 2008-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் வெளியிட்ட ‘மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி’ பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்குகிறது என்றால், அதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று இந்தக் காட்டு நெல்லில் இருந்து வந்ததுதான்.

துவரையும் இயல்பில் சில ஆண்டுகள் வாழும் குத்துச்செடி. நாம்தான் ஒரே போகத்தில் பிடுங்கிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், முருங்கையில் நாம் எதிர்த்திசையில் போனோம். ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரத்தை, விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்க்கும் செடிமுருங்கையாக்கியது பெரியகுளம். சந்தைக்கு எது வேண்டுமோ அதை நோக்கித்தான் ஆராய்ச்சி போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

டெல்டாவில் போட்டால்?

இங்கேதான் நிதானம் வேண்டும். யுனான் கணக்கு பாசன வயலின் கணக்கு என்று முதலிலேயே சொன்னோம். பல்லாண்டு நெல்லின் அடிக்கட்டை உயிரோடு இருக்க, இரண்டு போகத்துக்கு நடுவிலும் மண்ணில் ஈரம் வேண்டும். காவிரிப் படுகையின் நிலைமை தெரியும்தானே? மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்று ஒவ்வொரு வருஷமும் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போர்வெல் இல்லாத வயல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் எந்த நெல் கட்டை பிழைக்கும்?

பிழைத்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். எஞ்சிய ஈரத்திலேயே விளைந்து, கைச்செலவுக்குக் காசும் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும் பயிர் அது. நெல் கட்டை துளிர்த்து நின்றால் உளுந்துக்கு இடம் ஏது? காகிதத்தில் லாபம் காட்டும் பயிர், இந்த உளுந்தின் கணக்கையும் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அடுத்தது பூச்சி. தண்டுத் துளைப்பான் புழு அறுத்த தாளுக்குள் ஒளிந்திருக்கும் என்பதால்தான், அறுவடை முடிந்ததும் தாளை மடக்கி உழச் சொல்கிறது வேளாண் துறை. நான்கு வருஷம் உழாத வயலில் அந்தப் புழுவுக்கு நிரந்தர வீடு கட்டிக்கொடுத்தது போல் ஆகாதா? வடகிழக்குப் பருவமழையில் புதிதாக அறுத்த கட்டை ஒரு வாரம் தண்ணீருக்குள் மூழ்கினால் துளிர்க்குமா, அழுகுமா? இதெல்லாம் நம் மண்ணில், நம் மழையில் போட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடியவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘ஆள் தேவை 58 சதவீதம் குறைவு’ என்பது நில உரிமையாளருக்கு நல்ல செய்தி. தென் சீனக் கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, வயதானவர்கள் மட்டும் வயலில் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கும் நல்ல செய்தி. ஆனால் நம் ஊரில் நடவு என்பது பெரும்பாலும் நிலமில்லாத பெண்களின் கூலி நாட்கள். நடவு இயந்திரம் ஏற்கெனவே அந்த நாட்களைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நடவே இல்லாத நெல் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். முதுகு ஒடியும் வேலை போகட்டும், நல்லதுதான். கூலிக்குப் பதில் என்ன? ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிச்சமாகும் மனித நாட்களைச் செலவுக் கணக்கில்தான் எழுதுகின்றன. கொள்கை வகுப்பவர்கள் அதை வருமானக் கணக்கிலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கேள்விகள் இருப்பதால் வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. கேள்விகள் இருப்பதால்தான் இங்கே சோதிக்க வேண்டும் என்கிறோம். டெல்டாவின் கடைமடையில் இல்லை. தாமிரபரணியின் தலைக்கால்வாய்ப் பகுதிகள் போல, கார், பிசானம் என்று இரண்டு போகம் எடுக்கும் ஈரமான வயல்களில். ஏஎஸ்டி16 ரகத்தைத் தந்த அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வறட்சி, பூச்சிக் கேள்விகளுக்கு ஆடுதுறை இருக்கிறது. உழ உழ மண் வழிந்தோடும் கொல்லிமலை போன்ற சரிவுகளில், நெல்லைவிடச் சாமைக்கும் தினைக்கும் இப்படி ஒரு பல்லாண்டு உறவைத் தேடுவது இன்னும் பயனுள்ள வேலையாக இருக்கலாம்.

யார் செலவு செய்வார்கள்?

தனியார் விதை நிறுவனங்களை நம்ப முடியாது. அவர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, வியாபாரம் அப்படி. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் விதை வாங்கும் வாடிக்கையாளரால் யாருக்கு லாபம்? ஒட்டுரக விதை ஒவ்வொரு போகமும் விற்கும். பல்லாண்டு நெல் விற்காது. கோ 205-உம் பிஆர்23-உம் பொதுப் பணத்தில் நடக்கும் நிலையங்களில் பிறந்தது தற்செயல் இல்லை.

ஆனால் அந்தப் பொதுப் பணம் எப்படி வருகிறது என்பதில்தான் கோளாறு. நம் ஆராய்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில் ஓடுபவை. மூன்றாம் வருஷம் அறிக்கை, அதற்குப் பிறகு வேறு திட்டம், வேறு தலைப்பு, பல சமயம் வேறு விஞ்ஞானி. பிஆர்23 போன்ற ஒரு பயிருக்கு இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு நடவின் முழு ஆயுளைக்கூடப் பார்க்க முடியாது. எட்டு அறுவடையில் ஆறோடு நிதி முடிந்துவிடும். விளைச்சல் விழும் ஐந்தாம் ஆண்டைப் பதிவு செய்ய ஆளே இருக்க மாட்டார்கள். விழுவது எப்போது, எவ்வளவு என்பதுதான் விவசாயிக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம்.

தமிழ்நாடு வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடுகிற மாநிலம். அதில் இரண்டு நிலையங்களுக்கு, சில ஏக்கர் சோதனை வயலுக்கு, பத்து ஆண்டு உறுதியோடு ஒரு தலைப்பு ஒதுக்குவது பெரிய தொகை இல்லை. தேவைப்படுவது, ஆட்சியும் துணைவேந்தரும் மாறினாலும் அந்த வயலை யாரும் உழுதுவிடக்கூடாது என்ற ஏற்பாடு. அடுத்த கார் பருவத்தில் அம்பாசமுத்திரத்தில் முதல் நாற்று நட்டால், எட்டாவது அறுவடையின் கணக்கு கைக்கு வர நான்கு வருஷம். விளைச்சல் விழுவதைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம்.